கறுப்புத் தாளையும் சுவத்துல மாட்டுங்க: நம்ம தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகக் குழு அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப் குரூப்ல எழுதினா நாலு மெசேஜ் தாண்டினதும் பார்க்கிங் பத்தி பேச்சு போயிடுது, போன்ல பேசலாம்னா எனக்கு தொண்டை அடைச்சுக்குது, அதனால உக்காந்து முழுசா எழுதிடறேன். மத்த பெத்தவங்களும் படிக்கணும்னுதான் திறந்த மடலா போடறேன். உங்க மேல எனக்கு மரியாதை உண்டு, வாரம் முழுக்க ஆபீஸ் பார்த்துட்டு சனிக்கிழமை காலைல குளிர்ல வந்து கதவைத் திறந்து ஹீட்டர் போட்டு பிள்ளைங்களுக்காக நிக்கறவங்க நீங்க, அதை மறந்துட்டு எழுதல.

விஷயம் ஆண்டு விழா ஓவியப் போட்டி.

போன மாசம் 14 பிள்ளைங்களை இங்க நெதர்லாந்துல டென் ஹாக்ல இருக்கற மவுரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போனோம், எல்லாரும் 7ல இருந்து 11 வயசு. கூடப் போன பெரியவங்க நாலு பேர்ல நானும் ஒருத்தி. எல்லா ரூமும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம், ஒரே ஒரு ஓவியத்து முன்னாடி நல்லா உக்காருவோம்னு முன்னாடியே பேசி வச்சிருந்தோம், அதுக்கு எடுத்துக்கிட்டது ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1533ல வரைஞ்ச ராபர்ட் சீஸ்மன்ங்கறவரோட உருவப்படம். பெரிய படம் எல்லாம் இல்ல, ஒரு பக்கம் 60 சென்டிமீட்டர் பக்கத்துல வரும். 48 வயசு மனுஷன், சிவப்பு பட்டு சட்டை, தோள்ல ரோமம் வச்ச கோட்டு, கையில க்ளவுஸ், அது மேல ஒரு வேட்டை ராஜாளி. பறவை தலையில கண்ணை மறைக்கற தோல் குல்லா, கால்ல குட்டி மணி. பேர், வயசு, வருஷம் மூணும் தங்க எழுத்துல தலைக்கு ரெண்டு பக்கமும் எழுதியிருக்கும்.

அந்த படத்தை வச்சு பிள்ளைங்க வரைஞ்சாங்க. போட்டி முடிவு வந்துச்சு. மூணு பரிசும் படத்துல இருக்கற மாதிரியே வரைஞ்ச மூணு பேருக்கு. மீதி 11 பேரோட தாளும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல என்கிட்ட திரும்பி வந்துச்சு, மேல ஒரு சீட்டு, 'தலைப்புக்குப் பொருந்தவில்லை, காட்சிக்கு வைக்க வேண்டாம்'னு. அதுல ஒரு தாள் மேல சிவப்பு பேனால பெருசா ஒரு கேள்விக்குறி. அந்த கேள்விக்குறிதான் ரெண்டு வாரமா என்னை தூங்க விடல. பதில் தெரிஞ்சவ நான், சொல்லிடறேன்.

அது முழுக்க கறுப்பு அடிச்ச தாள். வரைஞ்சது 8 வயசு பொண்ணு. ஓவியத்து முன்னாடி நாங்க உக்காந்தப்போ, கண்ணை எதுக்கு மூடி வச்சிருக்காங்கன்னு கேட்டா. பார்வை ரொம்ப கூர்மைங்கறதால சுத்தி அசையற எல்லாமே அதுக்கு தெரியும், பயந்து றெக்கை அடிக்கும், கண்ணை மறைச்சா அமைதியா உக்காந்துக்கும், வேட்டைக்கு விடும்போது மட்டும் குல்லாவைக் கழட்டுவாங்கன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டு தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டா. அப்புறம் அரை மணி நேரம் யார்கிட்டயும் பேசல. கறுப்பு கிரேயான் முழுசு தேயற வரைக்கும் அழுத்தி அழுத்தி அடிச்சா, தாள் பளபளன்னு மெழுகு புடிச்சு நிக்குது. கீழ ஒரு மூலையில மட்டும் மிளகு அளவு ஒரு மஞ்சள் புள்ளி. அப்புறம் நகத்தால நடுவுல கொஞ்சம் மேல இருந்து கீழ அஞ்சு கோடு கீறினா, கறுப்பு உரிஞ்சு வெள்ளை தெரியற மாதிரி.

என்னடா கண்ணு இதுன்னு கேட்டேன். "இது அந்த பறவை பார்க்கற படம் ஆன்ட்டி. மஞ்சள் மணி. சத்தம் கேக்கும்ல. இந்த அஞ்சும் விரல். கண்ணு தெரியாது, ஆனா தடவிக் குடுக்கறது தெரியும்ல."

நான் நிமிர்ந்து ஓவியத்தைப் பார்க்கறேன், சீஸ்மனோட இன்னொரு கை பறவையோட நெஞ்சுல மெதுவா வச்சிருக்கு. அதுவரைக்கும் நான் அதை கவனிக்கவே இல்ல. முகத்தைப் பார்த்தேன், பட்டுத் துணியோட மினுமினுப்பைப் பார்த்தேன், தங்க எழுத்தைப் படிச்சேன், அந்த கையைப் பார்க்கல. 490 வருஷத்துக்கு முன்னாடி ஹோல்பைன் எதையோ நினைச்சுத்தான் அந்த விரல்களை அங்க வச்சிருக்கார், அதை நம்ம பள்ளிக்கூடத்து 8 வயசு பிள்ளை நகத்தால கீறிக் காட்டுது, நாம அது மேல கேள்விக்குறி போட்டு கவர்ல போட்டு அனுப்பறோம்.

பரிசு வாங்கின மூணு படத்தையும் நான் பார்த்தேன். நல்லா வரைஞ்சிருக்காங்க, அந்த பிள்ளைங்களைப் பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், சட்டையோட மடிப்புக்கு ஷேடிங் எல்லாம் அவ்வளவு பொறுமையா பண்ணியிருக்காங்க. ஆனா மூணுல ரெண்டு படத்துல அந்த தடவற கை இல்ல. ஒண்ணுல பறவைக்கு குல்லாவுக்கு பதிலா பெரிய வட்டக் கண்ணு இருக்கு! அப்படியே வரையணும்னு நாம சொன்னதே முழுசா நடக்கலன்னு சொல்றதுக்காக இதை சொல்லல. பார்த்து வரையறதுலயே கவனம் வந்துடும்னு நாம நம்பிட்டோம், பாதி பேருக்கு அப்படி வருது, மீதி பேருக்கு கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, தூக்கிப் பார்த்துதான் வருது. ரெண்டு வகை பிள்ளையும் நம்ம கிளாஸ்ல இருக்கு.

தூக்கிப் பார்த்துன்னு சும்மா சொல்லல. இது ஜிர்ஃபால்கன் இனம், ராஜாளி வகையிலயே பெருசு, பெண் பறவை ரெண்டு கிலோ வரைக்கும் வரும், வேட்டைக்கு பெண்ணைத்தான் விரும்பி வளர்ப்பாங்க ஏன்னா ஆணை விட அதுதான் பெருசுன்னு சொன்னதும் (பொண்ணுங்க எல்லாம் கை தட்டினாங்க) ஒரு பையன், அவ்வளவு கனத்தை எப்படி கையில வச்சு சிரிக்காம முறைக்காம நிக்க முடியும்னு கேட்டான். மதியம் சாப்பிட வெளிய வந்தப்போ 1.5 லிட்டர் தண்ணி பாட்டிலை முஷ்டி மேல நிக்க வச்சு, முழங்கையை மடக்கி, எவ்வளவு நேரம்னு டைமர் போட்டாங்க. மூணு நிமிஷம் தாண்டினவன் ஒருத்தன்தான், அவன் கை நடுங்கின நடுக்கம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது. அவன் வரைஞ்ச படத்துல சீஸ்மனோட ஒரு கை தரை வரைக்கும் நீண்டு தொங்குது, முகம் அதே அமைதி. உங்க சீட்டுல 'உடல் விகிதம் தவறு'. அண்ணா, அந்த பிள்ளை விகிதம் தெரியாம வரையல, வலி தெரிஞ்சு வரைஞ்சிருக்கான்.

இன்னொரு தாள்ல எட்டு கட்டம் போட்டு ஒரு குட்டி காமிக்ஸ். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி 1525ல ஹிட்சின்கிற ஊர் பக்கம் ராஜாளி வேட்டைக்கு போனப்போ, ஒரு கழியை ஊனி பள்ளத்தைத் தாண்டப் பார்த்து, கழி ஒடிஞ்சு தலைகுப்புற சேத்துல விழுந்து, தலை சேத்துல மாட்டி மூச்சு முட்டி, எட்மண்ட் மூடின்னு ஒரு வேலைக்காரர் குதிச்சு தூக்கிக் காப்பாத்தினார். அந்த காலத்து சரித்திரக் குறிப்புலயே இருக்கற சம்பவம். மேல வானத்துல ராஜாளி தேமேன்னு பறந்துக்கிட்டு இருக்கு, கீழ ராஜாவோட ரெண்டு காலு மட்டும் சேத்துக்கு மேல! சீஸ்மன் ஓவியம் இதுக்கு எட்டு வருஷம் கழிச்சு வந்தது, அதே ராஜா காலத்துலதான். பொருந்தலன்னு எப்படி சொல்றது?

எனக்கு ரொம்ப புடிச்சது பாஸ்போர்ட். கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு வருஷம் முன்னாடி வந்த 10 வயசு பையன் செஞ்சது. அவனை உங்களுக்கும் தெரியும், வந்த புதுசுல ஆறு மாசம் வாயே திறக்காம பின் பெஞ்சுல உக்காந்திருந்தான். ஜிர்ஃபால்கன் ஐஸ்லாந்து, நார்வே, கிரீன்லாந்து மாதிரி வடக்குப் பனி நாட்டுப் பறவை, அங்க புடிச்சு கப்பல்ல ஏத்தி ராஜாக்களுக்கு கொண்டு வருவாங்கன்னு சொன்னதும் அவன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் கேள்வியா கேட்டான், ஓவியம் எப்படி இங்க வந்துச்சு, வரைஞ்சவர் எந்த ஊருன்னு. வரைஞ்ச ஹோல்பைனும் வந்தேறிதான், பிறந்தது ஆக்ஸ்பர்க், வேலை பார்த்தது பாசல், அப்புறம் பிழைப்பு தேடி லண்டன், 1543ல அங்கயே இறந்துட்டார். ஓவியம் இங்கிலாந்து அரண்மனையில இருந்து, இந்த நாட்டுல இருந்து போய் அங்க ராஜாவான மூணாம் வில்லியம் காலத்துல இங்க ஹெட் லூ அரண்மனைக்கு வந்துச்சு, அவர் 1702ல போய் சேர்ந்ததும் அவருக்கு அப்புறம் அங்க வந்த ஆன் ராணி இங்க வந்த ஓவியங்களைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டாங்க, குடுக்கல. 1795ல பிரெஞ்சுப் படை பாரிஸுக்கு தூக்கிட்டுப் போச்சு, 1815ல திரும்பி வந்துச்சு, 1822ல இருந்து மவுரிட்ஸ்ஹவுஸ்.

இதை எல்லாம் வச்சு அவன் அந்த ராஜாளிக்கு ஒரு பாஸ்போர்ட் செஞ்சிருக்கான். அட்டை மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சு, உள்ள பக்கத்துக்கு ஒரு முத்திரை. பிறந்த இடம்: பனி. கண் நிறம்னு ஒரு கட்டம், அதுல 'தெரியாது, மூடியிருக்கு'. பாரிஸ் பக்கத்துல '20 வருஷம், விசா இல்லாம'. கடைசி பக்கத்துல டென் ஹாக் முத்திரை, பக்கத்துல 'நிரந்தரம்'னு எழுதி ஒரு கேள்விக்குறி. இமிக்ரேஷன் ஆபீஸ்ல டோக்கன் எடுத்து உக்காந்திருந்த ஒவ்வொரு அம்மா அப்பாவுக்கும் அந்த கேள்விக்குறி என்னன்னு தெரியும். இந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு அவன் என்கிட்ட விடாம பத்து நிமிஷம் தமிழ்ல பேசினான், நான் இதுவரைக்கும் அவன் குரலை அவ்வளவு நேரம் கேட்டதே இல்ல.

இங்கதான் நான் உங்ககிட்ட கொஞ்சம் அழுத்தி பேசணும். நம்ம பள்ளிக்கூடம் ஓவியப் பள்ளிக்கூடம் இல்ல, தமிழ் பள்ளிக்கூடம். பிள்ளைங்களை தமிழ்ல ரெண்டு வாக்கியம் சேர்ந்தாப்ல பேச வைக்க நாம படற பாடு நமக்கு தெரியும், கேட்டா டச்சுல பதில் வரும், அதட்டினா மௌனம். அன்னைக்கு அந்த ஓவியத்து முன்னாடி இது பருந்தா கழுகா வல்லூறா ராஜாளியான்னு கால் மணி நேரம் சண்டை, எல்லாம் தமிழ்ல, மியூசியம் காவலர் வந்து மெதுவா பேசச் சொல்ற அளவுக்கு. ஒரு பொண்ணு பாட்டிக்கு போன் போட்டு கேட்டா, பாட்டி சொன்னாங்க, கோழிக்குஞ்சைத் தூக்கறது பருந்து, வானத்துல இருந்து கல்லு மாதிரி விழுந்து புறாவை அடிக்கறது வல்லூறுன்னு. எந்த பாடப் புத்தகத்துல இவ்வளவு தெளிவா இருக்கு? அந்த தோல் குல்லாவுக்கு தமிழ்ல என்னன்னு கேட்டாங்க, எனக்கு தெரியல, நீங்களே வைங்கன்னு விட்டுட்டேன். தொப்பி, முகமூடி, கண்கட்டு எல்லாம் போய் கடைசில 'கண்மூடி'ன்னு முடிவாச்சு. அப்புறம் வெளிய வந்து பருந்தும் கோழிக்குஞ்சும் விளையாட்டு, ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு வரிசையா ஓடற அதே விளையாட்டுதான், சுத்தி நின்ன டச்சுக்காரங்க வீடியோ எடுத்தாங்க.

ஓவியத்தை அப்படியே காப்பி பண்ண சொன்னா இந்த பேச்சு எதுவும் வராது. ரப்பர் எங்க, சிவப்பு பென்சில் குடு, அவ்வளவுதான் வரும்.

அதே மியூசியத்துல ஃபப்ரீஷியஸ் 1654ல வரைஞ்ச தங்கக் குருவியும் இருக்கு, சின்ன படம், கால்ல மெல்லிசா ஒரு சங்கிலி. வழியில அதையும் பார்த்தாங்க. 11 வயசு பொண்ணு ஒருத்தி ராத்திரி மியூசியம் பூட்டினதும் ரெண்டு பறவையும் பேசிக்கற மாதிரி ஒரு பக்கம் எழுதியிருக்கா. குருவி கேக்குது, "உனக்கு வெளிய போக விடுவாங்களாமே, ஏன் திரும்பி வர்ற?" ராஜாளி சொல்லுது, "போன பிறகுதான் எனக்கு கண்ணு தெரியும், திரும்பி வந்தாதான் சாப்பாடு தெரியும்." எழுத்துப் பிழை நாலு இருக்கு, நானும் பார்த்தேன். ஆனா இதை ஓவியப் போட்டிக்கு வந்த எழுத்துன்னு சொல்லி ஒதுக்கிட்டீங்க, எழுத்துப் போட்டியிலயும் சேர்க்கல. அது எங்க போகும்?

இப்படி செய்யறது நாம புதுசா கண்டுபுடிச்ச வழி இல்ல. லண்டன் நேஷனல் கேலரி 1995ல இருந்து இதையே ஒரு திட்டமா நடத்துது, ஒரு ஓவியத்தை எடுத்து பிரைமரி ஸ்கூல் பிள்ளைங்க முன்னாடி வைப்பாங்க, பிள்ளைங்க அதுல இருந்து பாட்டு, கணக்கு, சயின்ஸ், தையல் எதுவா வேணா கொண்டு போகலாம், செஞ்சதுல சிலதை அந்த கேலரியிலயே காட்சிக்கு வைப்பாங்க. நம்ம மவுரிட்ஸ்ஹவுஸே 2023ல முத்துத் தோடு போட்ட பொண்ணு ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமுக்கு இரவல் குடுத்தப்போ, அந்த காலி இடத்துக்கு அந்த ஓவியத்துப் பொண்ணை உங்க பாணியில செஞ்சு அனுப்புங்கன்னு ஊரைக் கேட்டாங்க, கிட்டத்தட்ட 3,500 வந்துச்சு, சின்னப் பிள்ளைங்க அனுப்பினதும் அதுல உண்டு, ஒருத்தர் மக்காச்சோளக் கதிரையே முகமா வச்சு அனுப்பியிருந்தார். அதுல நிறைய பேரோடதை அங்கயே டிஜிட்டல் ஃப்ரேம்ல மாத்தி மாத்திக் காட்டினாங்க. ஓவியத்துக்கு சொந்தக்காரங்களே அப்படி திறந்து விடறாங்க, நாம எதுக்கு பூட்டணும்?

பெரியவங்க நாமளும் இந்த ஓவியத்தைப் பார்த்து கதை கட்டினவங்கதான். கையில ராஜாளி இருக்கே, அப்போ இவர் ராஜாவோட ராஜாளிக்காரர்னு ரொம்ப காலம் எழுதிட்டு இருந்தாங்க. அதுக்கு ஆதாரம் ஒண்ணும் இல்ல, மிடில்செக்ஸ் பக்கத்து வசதியான நிலக்காரர் அவர். அந்த கறுப்புத் தாள் பொண்ணு கேட்ட கேள்வியையும் லேசா எடுக்காதீங்க, 13ஆம் நூற்றாண்டுல ரெண்டாம் ஃபிரெடரிக் பேரரசர், அரபுக்காரங்ககிட்ட இருந்து இந்த கண்மூடியைக் கத்துக்கிட்டு ராஜாளி வளர்ப்பு பத்தி பெரிய நூலே எழுதினவர், பிணந்தின்னிக் கழுகோட கண்ணை மூடி விட்டு அது மோப்பத்துல இரையைக் கண்டுபுடிக்குதான்னு சோதிச்சுப் பார்த்தார். கண்ணு மூடின பறவைக்கு என்ன தெரியும்ங்கறதுதான் அவர் கேள்வியும்.

நான் கேக்கறது இதுதான். குடுத்த பரிசை யார்கிட்ட இருந்தும் வாங்க வேண்டாம், அந்த மூணு பிள்ளைங்க சந்தோஷத்தைக் கெடுக்காதீங்க. ஆண்டு விழா அன்னைக்கு ஹால்ல 14 தாளும் தொங்கணும், ஒவ்வொண்ணு கீழயும் அந்த பிள்ளை சொன்ன ரெண்டு வரி, அவங்க சொன்ன மாதிரியே, நாம திருத்தாம. சீட்டுல எழுதின குறிப்பு எதுவும் பிள்ளைங்க கண்ணுல படக் கூடாது. அடுத்த வருஷ விதியில 'அப்படியே' ங்கற வார்த்தையை எடுத்துடுங்க. முடிஞ்சா வசந்த காலத்துல ஐந்தோவன் பக்கத்துல ஃபால்கன்ஸ்வார்ட் கூட்டிட்டுப் போவோம், ஊர் பேர்லயே ராஜாளி இருக்கு, ராஜாளி புடிக்கறதையே தலைமுறை தலைமுறையா தொழிலா வச்சிருந்த ஊரு. மண் குடிசைக்குள்ள மறைஞ்சு உக்காந்து, வெளிய ஒரு கீச்சான் குருவியைக் கட்டி வச்சிருப்பாங்களாம், மனுஷன் கண்ணுக்கு எட்டாத தூரத்துல ராஜாளி வர்றப்பவே அது பயந்து கத்திக் காட்டிக் குடுத்துடும். அங்க மியூசியமும் இருக்கு. ராஜாளி வளர்ப்பை யுனெஸ்கோ மரபுப் பட்டியல்ல வச்சிருக்கு, 2021ல நெதர்லாந்தும் அதுல சேர்ந்துச்சு. செலவை நாங்க பெத்தவங்க பிரிச்சுக்கறோம், பஸ் நான் பார்த்துக்கறேன்.

கேள்விக்குறி போட்ட தாளை அந்த பொண்ணுகிட்ட நான் இன்னும் குடுக்கல. அவ போன சனிக்கிழமை கேட்டா, "ஆன்ட்டி, என் பறவையை எங்க மாட்டியிருக்காங்க?" இன்னும் மாட்டல, மாட்டுவாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சிவப்பு மையை அழிச்சா கிரேயானும் சேர்ந்து உரியும், அதனால அந்த இடத்துல அவளையே கறுப்பு அடிக்க சொல்லலாம்னு புது கிரேயான் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். வர்ற சனிக்கிழமை 9 மணிக்கு எல்லாத் தாளையும், கயிறும் கிளிப்பும் எடுத்துட்டு ஹாலுக்கு வர்றேன். சாவி உங்ககிட்டதான் இருக்கு, கொஞ்சம் முன்னாடியே திறந்து வைங்க.

அன்புடன்,
உங்க பள்ளியில படிக்கற ரெண்டு பிள்ளைங்களோட அம்மா